கேஸில் இல்லாத வரி

"சரிம்மா, தலைவலிக்கு மாத்திரை எழுதித் தரேன். வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல டாக்டர்."

"பார்த்தீங்களா அண்ணி! மறுபடியும் இல்லைன்னுட்டீங்க. ஏதோ ஒண்ணை ஒளிச்சு வச்சிருக்கீங்க, எனக்கு நல்லாத் தெரியும். சொன்னா என்னவாம்?"

"நீ கேட்டாத்தானே சொல்ல முடியும்?"

"கேட்டேனே! வேற ஒண்ணும் இல்லையேன்னு கேட்டேனே!"

"அது கேள்வியா? 'இல்லைன்னு சொல்லித் தொலை, எனக்கு நேரமாச்சு'ங்கிறதை மரியாதையாச் சொல்றே. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட 'காப்பி வேண்டாமே?'ன்னு கேட்டா என்ன சொல்வாங்க?"

"வேண்டாம்பாங்க."

"அதேதான். அந்த 'ஏ'வைத் தூக்கிக் குப்பையில போடு. 'வேற என்ன?'ன்னு கேளு. கேட்டுட்டு வாயை மூடு. உனக்கு ரெண்டாவதுதான் கஷ்டம்."

டாக்டராக உட்கார்ந்திருந்த பட்டாசு அப்படியே கேட்டாள். பிறகு வாயை மூடினாள். மூடிய வாய் தானாகத் திறந்துகொண்டுவிடாமல் கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டாள்.

நோயாளியாக நடித்துக்கொண்டிருந்த அண்ணி, சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உரிந்திருந்த பிளாஸ்டிக்கை நகத்தால் இன்னும் கொஞ்சம் உரித்தாள்.

"தலைவலி பெரிசில்ல டாக்டர்," என்றாள் கடைசியில். "ஒருத்தர்கிட்ட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொல்ல முடியல. அவங்க அவ்வளவு ஆசையா இருக்காங்க. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கத்தான் தலை வலிக்குது."

சொல்லி முடிக்கும்போது அவள் இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கி மூக்கோரம் நின்றது.

பட்டாசு துள்ளி எழுந்து கைதட்டினாள். "ஐயோ அண்ணி! கண்ணீரே வந்துடுச்சு! பிரமாதம்! நாளைக்கு எனக்கு நீங்களே நோயாளியா வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!"

அண்ணி ஒரு நொடி அவளையே பார்த்தாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, மேடையில் நிற்பவள் போலத் தலையைச் சாய்த்து, "நன்றி, நன்றி," என்று சொல்லிக்கொண்டே பால் காய்ச்சப் போய்விட்டாள்.

அது நேற்றுச் சாயங்காலம்.

இன்று காலை, மருத்துவக் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, பட்டாசு அந்த 'வேற என்ன?'வை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் நின்ற பெண்மணி, "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் தள்ளி நின்னாப் போதும்," என்றாள்.

பட்டாசு என்பது அண்ணன் வைத்த பெயர். பேச ஆரம்பித்தால் சரம் தீரும்வரை நிற்காது என்பதால் வந்தது. சின்ன வயதில் அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். போன மாதம் நோயாளியிடம் பேசும் தேர்வில் அவள் தோற்றபோதுதான் அந்தப் பேச்சால் ஒரு வருஷப் படிப்பே போகக்கூடும் என்று வீட்டில் உறைத்தது. புத்தகத்தில் உள்ளதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் எதிரே ஒரு ஆளை உட்காரவைத்து, 'இவருக்கு என்ன என்று விசாரித்துக் கண்டுபிடி' என்றால், கேள்வியையும் அவளே கேட்டுப் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். இன்று மறுதேர்வு.

கல்லூரியின் பயிற்சிக் கூடத்தில் நோயாளியாக நடிப்பதுதான் அண்ணியின் வேலை. எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு கேஸையும் வரி பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டு போய், மாணவர்கள் முன் முனகுவாள், மூச்சுத் திணறுவாள், விந்தி நடப்பாள். "இன்னைக்கு உனக்கு என்ன வியாதி?" என்று அண்ணன் காலையில் கேட்பான். "பித்தப்பையில கல்," என்பாள். "சாயங்காலத்துக்குள்ள சரியாயிடுமா? கடைக்குப் போகணும்," என்பான். அந்த வீட்டின் தினசரிச் சிரிப்பு அது.

நடிப்பவர்களுக்கு அங்கே ஒரே ஒரு கண்டிப்பு. சொந்த வியாதியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும்.

இன்று அண்ணி விடுமுறை. நாத்தனார் தேர்வு எழுதும் நாளில் அவள் அந்தப் பக்கமே வரக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, மாலையில் அவளுக்கே ஒரு டாக்டரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது.

குழந்தைக்கான சிகிச்சை. மூன்று சுற்று முடிந்து மூன்றும் கைகூடவில்லை. நான்காவது சுற்றின் முதல் ஊசி இன்று.

"ஒரே நாள்ல நம்ம வீட்டுக்கு ரெண்டு நல்ல காரியம்!" என்று காலையில், லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டே சொன்னான். "ஒருத்தி டாக்டராகப் போறா. ஒருத்தி அம்மாவாகப் போறா. நான் மட்டும்தான் லிஃப்டுக்கு கிரீஸ் போட்டுட்டு அப்படியே இருக்கப்போறேன்."

அண்ணி அவனுடைய சாப்பாட்டு டப்பாவின் மூடியை அழுத்தினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

---

தேர்வுக்கு வந்தவர்களை ஒரு நீண்ட அறையில் உட்காரவைத்தார்கள். கைபேசிகளை வாங்கி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டார்கள். முதலில் முடித்தவர் வெளியே போய்க் கேஸைச் சொல்லிவிடக்கூடாது என்பதால், கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் கட்டடத்தை விட்டுப் போக முடியாது.

பட்டாசுக்குப் பக்கத்து நாற்காலியில் தூங்குமூஞ்சி. வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்தவன். போன தடவை நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே கொட்டாவி விட்டுத் தோற்றவன்.

"பிராக்டிஸ் பண்ணியா?" என்றான்.

"பழைய தலைவலி கேஸை வச்சுத்தான். அண்ணி நடிச்சாங்க."

"அந்தத் தலைவலியா! அதை எத்தனை தடவை பண்ணிட்டேன் தெரியுமா? கடைசியில அந்தம்மா ஒளிச்சு வச்சிருக்கிற பயத்தைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள எனக்கே தலைவலி வந்துடும்."

"நான் ஒரே தடவையில எடுத்துட்டேனே," என்றாள் பட்டாசு பெருமையாக. "வேற என்னன்னு கேட்டேன். பொலபொலன்னு சொல்லிட்டாங்க."

"தம்பி விஷயம்தானே?"

"எந்தத் தம்பி?"

"அதான், அவங்க தம்பிக்கு மூளையில கட்டி வந்து ஆபரேஷன் ஆச்சு. தனக்கும் அதே வந்திருக்குமோன்னு பயம். அதைத்தானே ஒளிச்சு வச்சிருக்காங்க?"

"இல்லையே. யார்கிட்டயோ வேண்டாம்னு சொல்லணும், சொல்ல முடியலன்னு..."

"அப்படியெல்லாம் அந்தக் கேஸ்ல ஒரு வரிகூடக் கிடையாது," என்றான் தூங்குமூஞ்சி, கண்ணை மூடிக்கொண்டு. "உங்க அண்ணி சொந்தமா எடுத்துவிட்டிருப்பாங்க."

பட்டாசு சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அண்ணி கேஸில் ஒரு வரியை மாற்றுகிறவள் இல்லை. 'மூணு நாளா வலி' என்று எழுதியிருந்தால் மூணு நாள்தான். 'ரெண்டு மூணு நாளா' என்றுகூடச் சொல்ல மாட்டாள். அப்படிப்பட்டவள்.

வேண்டாம்னு ஒரு வார்த்தை. அவங்க அவ்வளவு ஆசையா இருக்காங்க.

பட்டாசு தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். நேற்று அந்தக் கைகளால்தானே தட்டினாள்?

அவள் விருட்டென்று எழுந்து வாசலுக்குப் போனாள். "சார், ஒரே ஒரு போன். வீட்டுக்கு. அவசரம்."

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார் காவலுக்கு நின்றவர்.

அவளால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

"அப்ப உட்காருங்க. எல்லாரும் பரீட்சையன்னைக்கு இப்படித்தான் ஆகறாங்க."

உட்கார்ந்தாள். எழுந்தாள். சுவரிலிருந்த கடிகாரத்துக்குக் கீழே போய் நின்றாள். கிட்டே நின்று பார்த்தால் அது வேகமாக ஓடும் என்பதுபோல.

முதல் ஊசி போட்டுவிட்டால் அவ்வளவுதான். அண்ணியைப் பற்றி அவளுக்குத் தெரியும். ஆரம்பித்த சுற்றைப் பாதியில் விடமாட்டாள். மறுபடி அந்த வாரங்கள். வீங்கிய வயிறு, மூடிய அறைக் கதவு, முடிவு வருகிற நாளன்று குளியலறைக்குள் திறந்துவிட்ட குழாய்ச் சத்தம். அதற்கு முன்னால் யாராவது கேட்டாக வேண்டும்.

யாராவது என்ன யாராவது? கேட்டாகிவிட்டது. பதிலும் வந்தாகிவிட்டது. கேட்டவள் கைதட்டிவிட்டாள்.

---

அந்த நேரத்தில் அண்ணி, நகரத்தின் இன்னொரு பக்கத்தில், பத்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அண்ணன் வேலையை முடித்ததும் சேர்ந்து போவதாக ஏற்பாடு.

லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே அண்ணன். நெற்றியில் கிரீஸ்.

"வா, வா. ஏறு. டெஸ்ட் பண்ண ஒரு ஆள் வேணும்."

"எடை பத்தாதுன்னா என்னைக் கூப்பிடறீங்க?"

"நீ வந்தா லிஃப்டுக்கே ஒரு மரியாதை."

கதவு மூடியது. லிஃப்ட் மெல்ல ஏறியது. அண்ணி கண்ணாடியில் அவன் பின்தலையைப் பார்த்தாள். ஒரு பெட்டி அளவு இடம். அவனும் அவளும் மட்டும். போன் அடிக்காது, யாரும் வரமாட்டார்கள். இதைவிட நல்ல இடம் அமையாது.

எத்தனை பேர் எழுதிக் கொடுத்த வசனங்களை எத்தனை பேர் முன்னால் பேசியிருக்கிறாள்! தொண்டை அடைக்காமல் அழத் தெரியும். சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கத் தெரியும். அதைக்கூடக் கேஸில் எழுதியிருப்பார்கள்: 'இந்த இடத்தில் தயங்கவும்.' தயங்கிய பிறகு என்ன சொல்ல வேண்டும் என்பதும் அடுத்த வரியில் இருக்கும்.

"ஏங்க," என்றாள். "இன்னைக்கு அங்க போறதுக்கு முன்னாடி..."

"உஷ்!"

அண்ணன் ஒரு கையை உயர்த்திக்கொண்டு சுவரில் காதை வைத்தான். இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்டை நிறுத்தினான்.

"கேக்குதா?"

"என்னது?"

"டக்... டக்குன்னு. லேசா. நல்லாக் கேளு."

அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டான். தகரத்துக்குப் பின்னால் எங்கோ ஒரு சக்கரம் தேய்ந்திருப்பதை அவ்வளவு பொறுமையாகக் கேட்டான்.

"ரோலர்தான்," என்றான் திருப்தியாக. "மாத்தணும். ஆமா, நீ என்னவோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல."

"நேத்து ஒரு தமாஷ் சொல்ல மறந்துட்டேன். அஞ்சாவது மாடியில ஒரு குட்டிப் பொண்ணு. இத்தனூண்டு. அம்மா போன் பேசிட்டிருந்த நேரத்துல எல்லா பட்டனையும் அமுக்கிடுச்சு. ஒவ்வொரு மாடியிலயும் கதவு திறக்கத் திறக்க அது கைதட்டிச் சிரிக்குது. எனக்கு ஏகப்பட்ட வேலை கிடக்கு, ஆனா திட்டவே தோணல. கூடவே மேலயும் கீழயும் போயிட்டு வந்தேன்."

சொல்லிவிட்டு அவன் கிரீஸ் துணியால் நெற்றியைத் துடைத்தான். கறை இன்னும் பெரிதாகியது.

அண்ணி தன் கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்துவிட்டாள். அழுத்தித் துடைத்தாள். நேரம் எடுத்துக்கொண்டு துடைத்தாள். அவன் குழந்தைபோல முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.

லிஃப்ட் கீழே இறங்கியது.

---

பட்டாசின் முறை வருவதற்குள் மதியம் தாண்டிவிட்டது.

அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'நாற்பத்தைந்து வயது ஆண். கட்டட மேஸ்திரி. சோர்வு. விசாரிக்கவும். என்ன நோய் என்று கணித்து அவருக்கு விளக்கவும்.' மணி அடித்தது. உள்ளே போனாள்.

பெரிய மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூலையில் தேர்வாளர், ஒரு பெண் டாக்டர், முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

பட்டாசு கேட்டாள். சோர்வு எப்போதிலிருந்து? காய்ச்சல் உண்டா? பசிக்கிறதா? எடை குறைந்ததா? தாகம்? தூக்கம்? மீசைக்காரர் எல்லாவற்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். அவ்வளவுதான். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தபோது, "வெளிறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்," என்றார் தேர்வாளர்.

ரத்தம் குறைந்திருக்கிறது. ஏன் குறைந்தது? பிடி கிடைக்கவில்லை.

"வேற ஒண்ணும் இல்..."

நாக்கு பழக்கத்தில் ஓடிவிட்டது. பாதியில் பிடித்து நிறுத்தினாள்.

"வேற என்ன?" என்றாள்.

அடுத்துப் பேச அவள் வாயில் எதுவும் இல்லை. மனசு முழுக்க அண்ணி இருந்தாள். மேஜையின் ஓரத்தை உரிக்கும் நகம். மூக்கோரத்தில் நின்ற அந்தச் சொட்டு. இந்நேரம் கிளம்பியிருப்பார்களா? பட்டாசு மீசைக்காரரைப் பார்த்தபடியே, தேர்வையே மறந்து, பேசாமல் இருந்தாள்.

மீசைக்காரர் நாற்காலியில் நெளிந்தார். அந்த மௌனம் அவருக்குத்தான் கனத்தது போலிருக்கிறது.

"முட்டி வலி இருக்கும்மா," என்றார். "சாரம் ஏறி இறங்கணுமே. தினம் ரெண்டு வலி மாத்திரை போட்டுக்கறேன். கடையில கேட்டா தராங்க. வீட்டுக்காரிக்குத் தெரியாது, தெரிஞ்சா வேலைக்கே விடமாட்டா."

பட்டாசு தலையை மட்டும் அசைத்தாள்.

"அப்புறம்... சொல்லக் கூச்சமா இருக்கு."

"பரவாயில்லைங்க."

"வெளிக்குப் போனா கறுப்பாப் போகுது. தார் மாதிரி."

அதுவரை சிதறிக் கிடந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் உட்கார்ந்தது. அந்த மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கியிருக்கும், புண்ணிலிருந்து ரத்தம் கசிகிறது, அதனால்தான் மலம் கறுப்பு, அதனால்தான் சோர்வு. அவள் அதை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். மாத்திரையை இன்றோடு நிறுத்த வேண்டும், இன்றே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்றாள். "வேலை போயிடுமேன்னு பயமா இருக்குதா?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். அதைப் பற்றியும் பேசினார்கள்.

முடிகிற மணி அடிக்கும்போது மீசைக்காரர் நிமிர்ந்தார்.

"உங்க பேரு என்னம்மா?"

பட்டாசு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகத் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். முதல் மதிப்பெண்ணே அதற்குத்தான். அண்ணி கோடி தடவை சொல்லியிருக்கிறாள்: பேர் சொல்லாத டாக்டரிடம் கடைசியில் பேர் கேட்கச் சொல்லி எங்களுக்கு உத்தரவு, பார்த்துக்கோ என்று.

தேர்வாளரின் பேனா எதையோ எழுதியது. நீளமாக எழுதியது.

---

கடைசி ஆள் தூங்குமூஞ்சி. அவன் எல்லோரையும்விட நிதானமாக முடித்துவிட்டு வந்தான். அட்டைப்பெட்டியைத் திறந்ததும் பட்டாசு கைபேசியைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

அண்ணிக்கு அடித்தாள். எடுக்கவில்லை. அண்ணனுக்கு அடித்தாள். 'தொடர்பு எல்லைக்கு வெளியே.' எப்போதும் ஏதாவது ஒரு லிஃப்டின் குழிக்குள் இருக்கும் மனுஷன்.

"ரிசல்ட் நாளைக்குக் காலையில போடுவாங்களாம்!" என்று பின்னால் தூங்குமூஞ்சி கத்தினான். அவள் அதற்குள் ஒரு ஆட்டோவுக்குள் இருந்தாள்.

ஆஸ்பத்திரியின் அந்தப் பகுதியில் எல்லாச் சுவர்களிலும் குழந்தைப் படங்கள். காத்திருக்கும் பெண்கள் யாரும் அவற்றைப் பார்ப்பதில்லை என்பது இன்றுதான் பட்டாசின் கண்ணில் பட்டது. ஜன்னலோர நாற்காலியில் அண்ணி. பக்கத்தில் அண்ணன், காலடியில் கருவிப் பை.

"ஏய் பட்டாசு! நீ எங்கே இங்கே? பரீட்சை என்ன ஆச்சு?"

"பேரைச் சொல்ல மறந்துட்டேன்."

"யார் பேரை?"

"என் பேரை."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. "ஒரு வருஷம்டி," என்றாள் மெதுவாக. "அதைப் போய் மறந்தியா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

பட்டாசு வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் கூப்பிட்டாள்.

மூன்று பேருமே உள்ளே போனார்கள். டாக்டர் நல்லவர், களைத்தவர். கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"எப்படி இருக்கீங்க? தூக்கமெல்லாம்?"

"நல்லாத் தூங்குறா டாக்டர்," என்றான் அண்ணன்.

"சாப்பாடு?"

"நல்லாச் சாப்பிடுறா. நான் பக்கத்துலேயே உட்கார்ந்து சாப்பிட வைக்கிறேன்."

"மனசளவுல தயாரா?"

"முழுத் தயார் டாக்டர். போன தடவை மாதிரி இல்ல. இந்தத் தடவை எங்களுக்கு நம்பிக்கை இருக்கு."

அண்ணி புன்னகைத்தாள். அந்தப் புன்னகையைப் பட்டாசு பயிற்சிக் கூடத்தில் பார்த்திருக்கிறாள். நோயாளி எதையும் சொல்ல விரும்பாத கேஸ்களுக்கு அண்ணி போட்டுக்கொள்ளும் புன்னகை.

"அப்ப ஆரம்பிச்சிடலாம்," என்றார் டாக்டர். நர்ஸ் ஒரு தட்டை எடுத்து வந்து வைத்தாள். அதில் பஞ்சு, மருந்து, ஊசி.

பட்டாசின் நாக்கு நுனியில் முழு வாக்கியம் தயாராக நின்றது: 'அண்ணிக்கு இது வேண்டாம் டாக்டர்.' சொல்லிவிட்டால் முடிந்தது. ஒரே வெடி.

சொல்லவில்லை. அண்ணன் மூன்று பதில்கள் சொல்லியாயிற்று. இவள் சொன்னால் அது நான்காவது.

"ஒரு நிமிஷம் டாக்டர்," என்றாள். "நீங்க அண்ணியைத்தான் கேட்டீங்க. அண்ணி இன்னும் பேசவே இல்லை."

"ஏய், அவ என்ன புதுசா..."

"அண்ணா, கொஞ்சம் சும்மா இரு." பட்டாசு திரும்பினாள். "அண்ணி, நேத்து அந்தத் தலைவலிக்காரம்மா பேசிட்டிருந்தாங்களே. நான் பாதியில கைதட்டிட்டேன். தப்புதான். மிச்சத்தைச் சொல்லுங்க."

"என்ன தலைவலி?" என்றான் அண்ணன். "உனக்கு ஏது தலைவலி?"

"அது... இவ பரீட்சைக் கேஸுங்க," என்றாள் அண்ணி. புன்னகை அப்படியே இருந்தது. "சும்மா விளையாட்டுக்கு."

பட்டாசு நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நர்ஸ் கையிலிருந்த பஞ்சை மறுபடி தட்டிலேயே போட்டாள். வெளியே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். குளிர்சாதனப் பெட்டியின் முணுமுணுப்பு. அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்தான். பட்டாசு அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் அடங்கினான்.

அண்ணியின் புன்னகை ஒரு பக்கமாக நழுவியது. அவள் அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை. நாற்காலியோடு சேர்ந்து மெல்லத் திரும்பி, டாக்டரை விட்டுவிட்டு, அண்ணனுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"ஏங்க," என்றாள்.

"சொல்லு."

"எனக்கு இந்த ஊசி வேண்டாம்."

"இன்னைக்கு உடம்பு சரியில்லையா? நாளைக்கு..."

"நாளைக்கும் வேண்டாம். இனிமே எப்பவும் வேண்டாம். மூணு தடவை நீங்க ஆசைப்பட்டதுக்காக வந்தேன். எனக்கும் ஆசை இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா இப்ப என்கிட்ட ஆசை இல்ல, பயம்தான் இருக்கு. உங்க முகம் வாடிடுமேங்கிற பயம்."

அண்ணனின் கை கருவிப் பையின் வாரைப் பிடித்தது. விட்டது. மறுபடி பிடித்தது.

"நீ ஏன் சொல்லவே இல்ல?" குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"இப்ப சொல்றேன். முழுசாச் சொல்லிடறேன், இல்லைன்னா மறுபடி எனக்குத் தைரியம் வராது." அண்ணி மூச்சை இழுத்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. அதை அவள் துடைக்கவில்லை. "ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்னு இருக்கேன். நாம ரெண்டு பேரே போதும்னு நீங்க ஒரு தடவை சொல்லுங்க. என்னைச் சமாதானப்படுத்தறதுக்காக வேண்டாம். நிஜமா அப்படித் தோணினா மட்டும் சொல்லுங்க."